அவையில் சொன்ன கதைகள்: தமிழ் முஸ்லிம்களும் அண்டைச் சமுதாயங்களும்

ஒரு சமுதாயத்தைப் பற்றி அறிந்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு. அச்சமுதாயத்தைப் பற்றி மூன்றாமவர் சொல்லக் கேட்பது ஒரு வழி. அச்சமுதாயத்தார் தம் கதையைத் தம் வாயால் சொல்லக் கேட்பது மற்றொரு வழி. முதல்வழி எளிது, ஆனால் வதந்தியும் வசையும் அவ்வழியேதான் நடந்து வருகின்றன. இரண்டாம் வழிக்குச் சொல்பவர் ஒருவரும் கேட்பவர் ஒருவரும் இருவரும் அமர்வதற்கு ஓர் அவையும் வேண்டும்.

தமிழகத்து முஸ்லிம்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அவர்தம் கடல் வாணிபம், பள்ளிவாசல்கள், கல்வெட்டுகள், காப்பியங்கள் ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆயினும், வேற்றுச் சமயத்தார் நடுவே தம்மைத் தாமே எடுத்துரைத்த அவைகளைப் பற்றிய ஆய்வு அவ்வளவாக வளரவில்லை. கதையும் நாடகமும் பொழுதுபோக்கு எனும் எண்ணம் இதற்கு ஒரு காரணம். மார்க்கம் இவற்றை விரும்புவதில்லை எனும் பொதுவான கருத்து மற்றொரு காரணம். இவ்விரு கருத்துகளும் எவ்வளவு தூரம் சரி என்பதை வரலாற்றின் துணைகொண்டு இங்கு நோக்குவோம்.

நஜ்ஜாஷியின் அவை

இஸ்லாமிய வரலாற்றில் இப்பொருளுக்கு முதற்சான்று அபிசீனியாவில் கிடைக்கிறது. கி.பி. 615ஆம் ஆண்டளவில், மக்கத்துக் குறைஷியரின் கொடுமை தாளாத முஸ்லிம்கள் சிலர் செங்கடலைக் கடந்து, கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியின் நாட்டில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களைத் திருப்பியனுப்புமாறு கேட்கக் குறைஷியர் பரிசுப் பொருள்களுடன் தூதுவரை அனுப்பினர். அத்தூதுவருள் ஒருவர், பின்னாளில் எகிப்தை வென்ற அம்ரு இப்னுல் ஆஸ். மன்னரின் முன்னிலையில் அகதிகளைப் பற்றிக் குறைஷியர் ஒரு செய்தி சொன்னார்கள். அதன்மேல் தீர்ப்பளித்துவிடாமல், அகதிகளையே அழைத்துக் கேட்டார் மன்னர்.

ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) எழுந்து பேசினார். உம்மு ஸலமா (ரலி) அவர்கள் வாயிலாக இப்னு இஸ்ஹாக், இப்னு ஹிஷாம் ஆகியோரின் நூல்களில் பதிவாகியுள்ள அப்பேச்சை நம் அரபுக் கல்லூரிகளில் மாணவர் பலரும் மனனம் செய்கின்றனர். ஆனால் அதன் அமைப்பை நாம் கவனிப்பது குறைவு. அவர் வாதத்தை முதலில் வைக்கவில்லை; தம் மக்களின் வாழ்வையே முதலில் வைத்தார். நேற்றுவரை தாங்கள் எவ்வாறு இருந்தோம், வலியவர் எளியவரை எவ்வாறு நசுக்கினர், பின்னர் தம்முள் ஒருவரே தூதராக வந்து எவற்றைக் கற்பித்தார், அதன்பொருட்டுத் தாங்கள் பட்டது என்ன என்று வரிசையாகச் சொன்னார். தம் குறையை மறைக்கவில்லை. மன்னரின் சமயத்தை இகழவுமில்லை. அதன்பின், இறைவேதத்தில் ஒரு பகுதியை ஓதுமாறு மன்னர் கேட்டபோது, மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தைத் தேர்ந்தெடுத்து ஓதினார். கேட்போர் அறிந்த கதையிலிருந்து தொடங்கும் இச்சொல்முறை அவையையே கலங்க வைத்தது என்பது வரலாறு. மறுநாள் ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய வினா எழுந்தபோதும் ஜஅஃபர் (ரலி) தம் கொள்கையில் ஓர் அணுவும் விட்டுக்கொடுக்கவில்லை. கொள்கையை மறைத்தால்தான் நல்லுறவு வளரும் என்பாருக்கு இந்நிகழ்ச்சி தக்க மறுமொழியாகும்.

கதைசொல்லிகளும் அறிஞர்களின் ஐயமும்

திருக்குர்ஆன் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை வரலாறுகளுள் அழகியதெனச் சிறப்பிக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் பிறர் சொன்ன கதைகளைச் செவிமடுத்துள்ளார்கள். பதினொரு பெண்கள் கூடித் தத்தம் கணவரைப் பற்றிப் பேசிய உம்மு ஸர்உ கதையை ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்ல, நபியவர்கள் பொறுமையுடன் கேட்டிருந்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. கிறிஸ்தவராக இருந்து இஸ்லாத்தைத் தழுவிய தமீமுத் தாரி (ரலி) தம் கடற்பயணத்தில் கண்டதைச் சொன்னபோது, மக்களைத் திரட்டி, மிம்பரில் அமர்ந்து, தமீம் சொன்னதாகவே அதை நபியவர்கள் எடுத்துரைத்தார்கள். முஸ்லிம் தொகுப்பில் ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) இதனை அறிவிக்கிறார். ஒருவரின் சொந்த அனுபவம் அவரது பெயராலேயே சமுதாயத்தின் மிம்பரில் இடம்பெற்றது என்பது சிறிய செய்தியன்று.

பிற்காலத்தில் பள்ளிவாசல்களிலும் தெருக்களிலும் கதை சொல்வோர் ‘குஸ்ஸாஸ்’ எனும் தனிக் கூட்டமாகப் பெருகினர். கைதட்டலுக்காகவும் காசுக்காகவும் இட்டுக்கட்டிய செய்திகளை நபிமொழியெனப் பரப்பியோரும் அவருள் இருந்தனர். பக்தாதின் பேரறிஞர் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) இவர்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆனால் அவர் கதைசொல்லலையே வெறுத்தவரல்லர். அந்நகரின் தலைசிறந்த உபதேசியாகவும் அவரே திகழ்ந்தார். 1184இல் பக்தாதுக்கு வந்த ஸ்பெயின் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர், அவருடைய அவைகளில் அமர்ந்து உருகியதைத் தம் பயண நூலில் பதிவு செய்துள்ளார். எனவே அறிஞர்கள் எதிர்த்தது பொய்யைத்தான், கதையை அன்று. இவ்வேறுபாட்டை மறந்தமையால் பின்வந்தோர் இரண்டையும் ஒருசேர ஒதுக்கினர்.

போவதும் வருவதும்

கதைகள் நாடுவிட்டு நாடு சென்ற வரலாற்றில் இந்தியாவுக்கும் அரபுலகுக்கும் தனி உறவு உண்டு. பஞ்சதந்திரக் கதைகள் 6ஆம் நூற்றாண்டில் பாரசீக மருத்துவர் பர்ஸவைஹி என்பவரால் பஹ்லவி மொழிக்குச் சென்றன. 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்ஃபா அவற்றைக் ‘கலீலா வ திம்னா’ எனும் பெயரில் அரபியில் தந்தார். அந்நூலில் பர்ஸவைஹி தம்மைப் பற்றிச் சொல்வதாக ஓர் அத்தியாயம் உண்டு. மருத்துவம் கற்றது, புகழா பொருளா மறுமையா என்று தம் மனத்தோடு போராடியது, சமயங்கள் பலவற்றையும் ஆராய்ந்து திகைத்தது ஆகியவற்றை அவர் ஒளிவின்றிக் கூறுகிறார். இந்தியாவின் அறிவை நாடி வந்த ஒருவர், கொண்டு சென்ற கதைகளோடு தம் கதையையும் சேர்த்தே வைத்தார். அந்நூல் அரபியிலிருந்து உலகின் பல மொழிகளுக்குப் பரவியது.

நம் மதரஸாப் பாடத்திட்டத்தில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் ஹரீரியின் ‘மகாமாத்’தும் ஒருவகையில் நாடகமே. பஸராவைச் சேர்ந்த ஹரீரி (1054-1122) படைத்த அபூஸைத் ஸரூஜி ஊருக்கு ஊர் வேடம் மாறி வருகிறான். ஹாரிஸ் இப்னு ஹம்மாம் அவையில் நின்று அவனைக் கண்டு, நமக்குக் கதையாகச் சொல்கிறான். சொல்பவன் ஒருவன், நடிப்பவன் ஒருவன், சூழ்ந்திருக்கும் கூட்டம் என்ற அமைப்பு அங்கு முழுமையாக உள்ளது. அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், மோசூலிலிருந்து கெய்ரோவுக்குக் குடிபெயர்ந்த கண்மருத்துவர் இப்னு தானியால் நிழற்கூத்துக்கென மூன்று நாடகங்கள் எழுதினார். அவற்றுள் ‘அஜீப் வ கரீப்’ என்பதில் சந்தை மனிதர்கள் ஒருவர்பின் ஒருவராகத் திரையில் தோன்றித் தம் தொழிலையும் பிழைப்பையும் தாமே சொல்கின்றனர். அந்நியர் என்ற பொருள்படும் ‘கரீப்’ என்ற சொல் நாடகத்தின் பெயரிலேயே அமைந்திருப்பது கருதத்தக்கது.

புத்தளத்தில் ஒரு பயணி

தமிழ் பேசும் நிலத்தில், சொந்த அனுபவத்தைச் சொல்லி வேற்றுச் சமயத்தாரின் நட்பைப் பெற்ற தெளிவான பழஞ்சான்று 1344ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மாலத்தீவிலிருந்து மஅபர் எனப்பட்ட தமிழகக் கரைக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பல் திசைமாறி இலங்கையின் புத்தளத்தை அடைந்தது. அப்பகுதியை ஆண்டவர் ஆரியச் சக்கரவர்த்தி. யாழ்ப்பாணத்து அரச மரபைச் சேர்ந்த அம்மன்னர் பாரசீக மொழி அறிந்திருந்தார். பயணி பல நாட்டு மன்னர்களையும் ஊர்களையும் பற்றிச் சொன்ன கதைகள் அவரை மகிழ்வித்தன. வேண்டுவதைக் கேட்குமாறு மன்னர் சொல்ல, ஆதம் (அலை) அவர்களின் பாதச்சுவடு இருப்பதாக நம்பப்படும் மலையைக் காண வேண்டும் என்பதொன்றே தம் விருப்பம் என்றார் பயணி. மன்னர் பல்லக்கும் பணியாளரும் தந்து, யோகிகளையும் அந்தணர்களையும் உடன் அனுப்பினார்.

அம்மலையைப் பௌத்தரும் சைவரும் முஸ்லிம்களும் தத்தம் நம்பிக்கையின்படி போற்றுகின்றனர். யோகிகளும் அந்தணரும் வழிகாட்ட, ஒரு மாலிகி மத்ஹப் காஜி மலையேறிய காட்சியை எண்ணிப் பார்க்க வேண்டும். யாரும் யாருடைய நம்பிக்கையையும் ஏற்கவில்லை. வழியை மட்டும் பகிர்ந்துகொண்டனர். அதன்பின் இப்னு பதூதா மதுரைக்கு வந்து அங்கிருந்த சுல்தானியரின் ஆட்சியையும் கண்டார். அவ்வாட்சியின் கொடுமைகளை, ஆள்வோர் தம் சமயத்தார் என்பதற்காக மறைக்காமல் கடிந்து எழுதியிருப்பது அவருடைய நேர்மைக்குச் சான்று. 1355இல் ஃபாஸ் நகரில் இப்னு ஜுஸய்யிடம் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு நிறைவுபெற்ற ‘ரிஹ்லா’, சொல்பவரும் கேட்பவரும் சேர்ந்து உருவாக்கிய நூலாகும்.

மதுரையில் ஆயிரம் வினாக்கள்

நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் காலத்தால் முந்தியதெனக் கருதப்படும் ‘ஆயிர மசலா’ 1572இல் மதுரையில் அரங்கேறியது. இயற்றியவர் வண்ணப் பரிமளப் புலவர். நாயக்கர் ஆட்சியின்கீழ் இருந்த அத்தமிழ் நகரில் இந்நூல் அரங்கேறியதன் பொருத்தம் அதன் உள்ளடக்கத்தை அறிந்தால் விளங்கும். மதீனத்து யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் நபியவர்களிடம் வந்து வினாக்களை அடுக்குகிறார். விடைகளைக் கேட்டு மனம் தெளிகிறார். மசலா என்ற அரபுச் சொல்லுக்கே வினா என்பதுதான் பொருள்.

இவ்வரபு மூலம் 1143இலேயே இலத்தீனுக்குச் சென்றது. பாரசீகம், மலாய், ஜாவானியம் ஆகிய மொழிகளிலும் வழங்கியது. ஒவ்வொரு நாட்டிலும் அந்நாட்டார் மனத்திலிருந்த ஐயங்களுக்கேற்ப வினாக்கள் கூடியும் குறைந்தும் வந்தன. தமிழில் அது புராணம் எனும் பெயரையும் ஏற்றது. ‘அதிசய புராணம்’ என்ற மறுபெயரைக் கேட்ட மதுரை மக்களுக்கு அது அந்நிய நூலாகத் தோன்றியிராது. இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. வேற்றுச் சமயத்தான் ஒருவனின் வினாவே அந்நூலுக்கு உயிர். வினா கேட்பவனைப் பகைவனாக அது காட்டுவதில்லை. கற்றவனாக, நேர்மையாளனாகக் காட்டுகிறது. கேட்க உரிமையுள்ள அவையில்தான் விடைக்கும் மதிப்புண்டு என்பதை அது உணர்த்துகிறது.

மசலா வகை அதனோடு நின்றுவிடவில்லை. ‘நூறு மசலா’, ‘வெள்ளாட்டி மசலா’ ஆகியன ஊர்தோறும் வாசிக்கப்பட்டன. அரபியில் தவத்துத் எனும் அடிமைப்பெண் ஹாரூன் ரஷீதின் அவையில் அறிஞர்களின் வினாக்களுக்கெல்லாம் விடையிறுத்த கதையே வெள்ளாட்டி மசலாவாகத் தமிழுக்கு வந்தது. கிஸ்ஸா, நாமா, படைப்போர், முனாஜாத்து என்று பிற வகைகளும் தோன்றின. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் இராகத்தோடு வாசிக்க, தெருவே கூடிக் கேட்டது. அக்கம் பக்கத்து வீட்டாரின் காதுகளை யாரும் அடைக்கவில்லை.

அரபு நாட்டில் தமிழ் மழை

இம்மரபின் சிகரம் உமறுப் புலவரின் சீறாப்புராணம். எட்டயபுரம் அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர் உமறு. அவரைப் புரந்தவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. அவருக்குப்பின் ஆதரித்தவர் அபுல் காசிம் மரைக்காயர். சீதக்காதியைப் பாடிப் பரிசில் பெற்றவருள் படிக்காசுப் புலவர் முதலிய முஸ்லிமல்லாத புலவர்களும் உண்டு. ஆசிரியர் ஒரு சமயம், மாணவர் ஒரு சமயம். வள்ளல் ஒரு சமயம், பாடியவர் ஒரு சமயம் என்ற இந்நிலை அக்காலத்துக்கு வியப்பானதன்று.

விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களில் 5027 பாடல்களாக அமைந்த இக்காப்பியத்தின் நாட்டுப் படலம் அரபு நாட்டைத் தமிழ்நாடாகவே காட்டுகிறது. மலையில் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயலில் நெல் விளைகிறது. பாலைவனத்தில் இவை ஏது என்று வினவுவோர் உண்டு. உமறு அரபு நாட்டின் புவியியலை எழுத முற்படவில்லை. கேட்போருக்குத் தெரிந்த மருத நிலத்தின் வழியாக, அவர்கள் அறியாத ஒருவரின் வரலாற்றுக்குள் அவர்களை அழைத்துச் செல்கிறார். நஜ்ஜாஷியின் அவையில் ஜஅஃபர் (ரலி) மர்யம் அத்தியாயத்தைத் தேர்ந்ததும் இவ்வுத்தியால்தான். கேட்பவரின் வீட்டு வாசலிலிருந்து கதை தொடங்க வேண்டும் என்பதை இருவரும் அறிந்திருந்தனர். ஏட்டில் இருந்த சீறாவை 1842இல் அச்சில் கொண்டுவந்தார் செய்கு அப்துல் காதிர் நெய்னார் லெப்பை ஆலிம். அதற்கு உரை கண்ட கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் (1874-1950), வள்ளலாரின் அருட்பாவுக்காகவும் மேடையேறி வாதிட்டவர். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அவர் நிகழ்த்திய சதாவதானத்தைக் காணப் பல சமயத்தாரும் கூடினர்.

மேடையேறிய கதைகள்

நபிமார்களையும் ஸஹாபாக்களையும் வேடமிட்டு நடிப்பதை மார்க்க அறிஞர்கள் தடுத்தனர். தமிழ் முஸ்லிம்கள் இவ்வரம்பைப் பெரிதும் காத்தனர். நபி வரலாறு வாசிப்புக்கும் விரிவுரைக்கும் உரியதாயிற்று. மேடைக்கு அரசர் கதைகளும் அற்புதக் கதைகளும் சென்றன. சுலைமான் (அலை) அவர்களின் வரலாற்றை ‘இராஜநாயகம்’ எனும் காப்பியமாக 1807இல் தந்த வண்ணக்களஞ்சியப் புலவரே, ‘அலிபாதுஷா நாடகம்’ என்னும் கூத்து நூலையும் இயற்றினார். ஒரே புலவர் இரண்டையும் வெவ்வேறு வடிவங்களில் வைத்த முறையே அவ்வரம்பை விளக்குகிறது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்கள் தென்னாட்டுக்கு வந்தன. லக்னோவில் 1853இல் ஆகா ஹசன் அமானத் எழுதிய ‘இந்தர் சபா’ தமிழ் மேடையில் ‘இந்திரசபா’ ஆயிற்று. உருது, பாரசீக மரபிலிருந்து வந்த ‘குலேபகாவலி’ நாடகமாகவும் பின்னர்த் திரைப்படமாகவும் தமிழரின் சொந்தக் கதையாகவே மாறியது. ஓர் உருதுப் புலவர் இந்திரனின் சபையைப் பாட, அதைத் தமிழ் நடிகர்கள் நாடெங்கும் ஆடியதில் யாருக்கும் முரண் தோன்றவில்லை.

மதுரை இந்நாடகப் பெருக்கின் தலைநகரமாக விளங்கிற்று. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அங்குத் தொடங்கினார். மதுரை தேவி பால விநோத சங்கீத சபையை நடத்திய டி.எஸ். ராஜமாணிக்கம் பிள்ளை, ‘பக்த ராமதாஸ்’ நாடகத்தில் கோல்கொண்டா மன்னர் தானிஷாவாக நடித்துப் பெற்ற புகழால் ‘நவாப்’ ராஜமாணிக்கம் என்றே அழைக்கப்பட்டார். பத்ராசலம் கோயிலுக்கு அரசுப் பணத்தைச் செலவிட்டமைக்காகச் சிறைப்பட்ட கோபன்னாவின் கதை அது. சிறையிட்ட முஸ்லிம் மன்னரை வெறும் கொடியவராகக் காட்டுவது எளிது. ஆனால் தானிஷாவே இராமனின் காட்சி பெற்று மனம் மாறுவதாகச் செல்லும் அக்கதையில், நவாப் மதிப்புக்குரிய பாத்திரம். அது 1935இல் திரைப்படமாகவும் வந்தது. அதே ராஜமாணிக்கம் ‘இயேசுநாதர்’ நாடகத்தையும் மேடையேற்றினார். ஒரு சைவப் பிள்ளையின் பெயருக்குமுன் முஸ்லிம் பட்டம் நிலைத்து நின்றதைத் தமிழ் நாடகத்தின் பெருமையாகவே கொள்ளலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தமிழ்ப் படங்கள் பலவற்றில் முஸ்லிம் என்றால் கொச்சைத் தமிழும் அரைகுறை உருதும் பேசும் வேடிக்கை மனிதர் என்ற வார்ப்பு ஒன்று உருவாயிற்று. தந்தையை ‘அத்தா’ என்றழைக்கும், தமிழன்றி வேறு தாய்மொழி அறியாத இராவுத்தர் வீட்டுப் பிள்ளை, திரையில் தன்னைத் தேடினால் அங்கு வேறு யாரோ நின்றுகொண்டிருந்தார். 1990களுக்குப் பின் அவ்வேடிக்கை மனிதரின் கையில் வெடிகுண்டும் கொடுக்கப்பட்டது. அடுத்தவர் கதையை அவரின்றியே சொல்லும் வழக்கம் எங்குக் கொண்டு சேர்க்கும் என்பதற்கு இது சான்று. நம் கதையை நாம் சொல்வதை நிறுத்திய இடத்தில்தான் மற்றவர் சொல்லத் தொடங்கினர் என்பதையும் மறுக்க இயலாது.

மலையும் பள்ளத்தாக்கும்

பெயரிலேயே ஒரு தெய்வப் பாடல் தொகுதியை நினைவூட்டும் தேவாரம், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ளது. அங்கிருந்து சாக்குலூத்து மெட்டு வழியாகவும், வடக்கே போடிமெட்டு, தெற்கே கம்பம்மெட்டு, குமுளி வழிகளாகவும் ஏல மலைக்கு ஏறலாம். விடியுமுன் ஜீப்புகளில் ஏறி இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குச் சென்று, காய் எடுத்து, மாலையில் திரும்புவது இவ்வட்டாரத்துப் பெண்கள் பலரின் வாழ்க்கை. விளைந்த காய் மீண்டும் போடிநாயக்கனூரின் ஏலச் சந்தைக்கு வருகிறது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்றும் தமிழர், மலையாளி என்றும் பிரிக்கப்படும் மக்களை ஒரே விளைபொருள் நாள்தோறும் இணைக்கிறது.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை செல்லும் பக்தர்கள் கம்பம் பள்ளத்தாக்கின் வழியே பெருங்கூட்டமாகச் செல்வர். அவர்கள் சேரும் எருமேலியில் பேட்டைதுள்ளல் எனும் சடங்குக் கூத்து நிகழ்கிறது. அம்பலப்புழைக் குழுவினர் உடலில் வண்ணம் பூசி ஆடிக்கொண்டே பள்ளிவாசலுக்குள் சென்று, வாவரை நினைந்து மரியாதை செய்தபின் சாஸ்தா கோயிலுக்குச் செல்கின்றனர். அவர்களுடன் வாவர் சென்றுவிட்டார் என்ற நம்பிக்கையால், பின்வரும் ஆலங்காட்டுக் குழுவினர் பள்ளிவாசலுக்குள் நுழைவதில்லை. இந்நம்பிக்கைகளை நம் அகீதா ஏற்காது; அதைச் சொல்லத் தயங்க வேண்டியதுமில்லை. ஆயினும் இரு சமுதாயத்தாரும் நண்பர்களாக வாழ்ந்தனர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள, ஒரு நாட்டு மக்கள் கூத்தைக் கருவியாகக் கொண்டனர் என்ற வரலாற்றுச் செய்தியை யாரும் ஒதுக்க முடியாது.

இத்தகைய நினைவுகள் இருந்தும், 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை பற்றிய பூசல் முற்றியபோது இம்மலைவழிகள் அடைபட்டன. இடுக்கித் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் பல அஞ்சி மலையிறங்கின. தேனி மாவட்ட எல்லைப்பகுதியில் தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டது. அணையின் நீர்மட்டம் பொறியாளரும் நீதிமன்றமும் தீர்க்க வேண்டிய வழக்கு. ஆனால் நேற்றுவரை ஒரே தோட்டத்தில் கஞ்சி குடித்தவர்கள் ஒருவரையொருவர் அஞ்சியதற்கு நீர்மட்டம் காரணமன்று. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வேலை செய்தும் ஒருவர் கதையை ஒருவர் கேட்டிராததே காரணம். கேட்ட கதை இல்லாத இடத்தில் வதந்தி குடியேறிவிடுகிறது.

இனிச் செய்யத்தக்கவை

போர் கண்ட இலங்கையில் 2000களின் தொடக்கத்தில் பராக்கிரம நிரியெல்ல, எச்.ஏ. பெரேரா ஆகியோர் ‘ஜனகரலிய’ எனும் குழுவை அமைத்தனர். தமிழில் அதன் பெயர் ‘மக்கள் களரி’. சிங்கள இளைஞரும் தமிழ் இளைஞரும் ஒன்றாகத் தங்கி, ஒருவர் மொழியை மற்றவர் கற்று, இரு மொழிகளிலும் நடித்தனர். நடமாடும் கூடாரத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்று அரங்கமாக்கினர். இந்தியாவில் ஹபீப் தன்வீர் (1923-2009), மக்கள் கவிஞர் நஸீர் அக்பராபாதியை மையமாக வைத்து 1954இல் ‘ஆக்ரா பஜார்’ நாடகத்தைப் படைத்தபோது, ஜாமிஆ மில்லியா மாணவர்களையும் அருகிலிருந்த ஓக்லா கிராமத்து மக்களையும் ஒரே மேடையில் நிறுத்தினார். கல்விக்கூடமும் கிராமமும் கைகோத்த அம்முயற்சி நம் கல்லூரிகளுக்கும் வழிகாட்டக் கூடியது.

மேலே கண்ட சான்றுகளிலிருந்து மூன்று நெறிகளை நாம் தொகுத்துக்கொள்ளலாம். சொல்வது மெய்யாக இருத்தல் வேண்டும். இது இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) கற்பித்தது. கேட்பவர் அறிந்ததிலிருந்து தொடங்குதல் வேண்டும். இது ஜஅஃபர் (ரலி) அவர்களும் உமறுவும் காட்டியது. வினவும் உரிமையைக் கேட்பவருக்குத் தருதல் வேண்டும். இது மதுரையில் ஆயிர மசலா நாட்டியது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் கதை பிரசாரமாகவோ வெறும் கேளிக்கையாகவோ போய்விடும்.

இவற்றை நடைமுறைக்குக் கொண்டுவரப் பெரும்பொருள் தேவையில்லை. மீலாது விழா மேடைகளில் நாம் மட்டும் பேசி, நாம் மட்டும் கேட்டு எழுகிறோம். அம்மேடையில் ஓர் அமர்வை ஊரின் மற்றச் சமுதாயத்தாரின் வினாக்களுக்கு ஒதுக்கலாம். அரபுக் கல்லூரி மாணவர் மகாமாத்தைச் சொற்பொருளோடு நிறுத்தாமல் உரையாடலாக நடித்துக் காட்டலாம். அதில் மார்க்க வரம்பு மீறல் ஏதுமில்லை. உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கப்பட்ட ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியில் எல்லாச் சமுதாயத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் பயில்கின்றனர். அத்தகைய கல்விக்கூடங்களின் மாணவர்கள், ஏலத் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த முதியோரிடம் அவர்தம் வாழ்வைக் கேட்டு எழுதலாம். மதரஸா மாணவரும் அப்பணியில் சேரலாம். மலைமேல் பட்ட பாட்டை நம் வீட்டு நன்னியும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் சொல்லக் கேட்டால், இருவர் கதையிலும் அட்டைக்கடியும் பனியும் ஒன்றே என்பது விளங்கும்.

மனிதர் பல இனங்களாகவும் கோத்திரங்களாகவும் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்பது ஹுஜுராத் அத்தியாயம் தரும் அறிவுரை. அறிந்துகொள்ளுதல் எனும் அக்கடமை, நாம் வாய் திறந்து நம் வாழ்வைச் சொல்வதால் பாதி நிறைவேறும். மீதிப் பாதி, அடுத்தவர் சொல்லும்போது எழுந்து போகாமல் அமர்ந்து கேட்பதில் உள்ளது.